சுங்கவாயிலும் ரெபேக்காளின் மக்களும்

சுங்கம் கொடாமல் வீதியிற் செல்ல முற்படுவோனுக்கு நேர்வது யாது? சட்டப் புத்தகம் இதற்குத் தரும் விடை மிகச் சுருக்கமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, பிரித்தானியாவில், சுங்கவாயிலில் பணங் கொடுக்க மறுத்தவனுடைய குதிரையையோ சரக்கையோ வாயிற்காவலர் கைப்பற்றலாம். பின்னரும் பணம் வராவிடின் அதை விற்கலாம். வாயிலைத் தவிர்த்து அயல்நிலத்தினூடே வண்டியோட்டியவனுக்குத் தண்டம் உண்டு. அவ்வளவே. ஆனால் வேல்ஸ் நாட்டின் தென்மேற்குப் பகுதியில் அவ்விடை அத்துடன் நிற்கவில்லை.

அந்நிலம் புளிப்பு மிக்க மண்ணையுடையது; சுண்ணாம்பு இட்டாலன்றி விளைவு தராது. ஆதலின் ஏழை உழவன் ஆண்டுதோறும் சூளைக்கு வண்டி பூட்டியே ஆகவேண்டும். வழியிலோ வாயிலுக்குமேல் வாயில். வீதிகள் பல சிறு சபைகளின் பொறுப்பில் இருந்தன. ஒரு சபையின் எல்லையிற் பெற்ற சீட்டு அடுத்த சபையின் வாயிலிற் செல்லாது. வாங்கிய சுண்ணாம்பின் விலையிலும் வழிச்சுங்கம் மிகுந்த சந்தர்ப்பங்களும் உண்டு. போதாக்குறைக்கு, சுங்கம் அறவிடும் உரிமையைச் சபைகள் குத்தகைக்கு விட்டன. தோமஸ் புல்லின் என்னும் குத்தகைக்காரர் இதிற் கைதேர்ந்தவர். உழவர் ஒதுங்கிச் சென்ற கிளைவழிகளிலும் தடைகள் முளைத்தன. வீதி செப்பனிடுவதற்கென ஏற்பட்ட பணம் ஒருவருடைய வியாபாரமாயிற்று என்பதே வழக்கின் உயிர்நிலை.

1839 மே 13ஆம் நாள் இரவு, எவைல்வென் என்னுமிடத்திலிருந்த புதிய வாயில் தகர்க்கப்பட்டது. மீண்டும் நாட்டினர், மீண்டும் தகர்ந்தது. வந்தவர்கள் முகத்திற் கரி பூசிப் பெண்ணுடை தரித்த ஆண்கள். தலைவன் பெயர் ரெபேக்காள். ஏனையோர் அவள் மக்கள். ரெபேக்காளின் சந்ததி பகைவரின் வாயிலைச் சுதந்தரிக்கும் என அவள் உறவினர் வாழ்த்தியதாக ஆதியாகமம் கூறும். ஆலயத்தில் வேதம் கேட்டு வளர்ந்த உழவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கண் தெரியாத கிழவிபோல் நடிக்கும் தலைவன், வழியில் ஏதோ தடுக்கிறதே என்பான். மக்கள் கோடரியுடன் முன்வருவர். அவ்வாண்டு சபையினர் பணிந்து அவ்வாயிலைக் கைவிட்டனர். 1842ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கலகம் மீண்டும் மூண்டு பரவியது.

வேடிக்கை வேடிக்கையாக நிலைக்கவில்லை. 1843 செப்டம்பரில் பொன்டர்டுலைஸ் வாயிலருகே பொலிஸார் பதுங்கியிருந்தனர். யோன் ஹியூஸ் என்னும் உழவர் மகன் குண்டடிபட்டுப் பிடிபட்டான். இருபதாண்டு நாடுகடத்தல் அவனுக்குத் தண்டனை. தஸ்மேனியாவுக்குச் சென்றவன் தாயகம் திரும்பவேயில்லை.

சில நாட்களுக்குள் ஹென்டி வாயிலில் மற்றொன்று நிகழ்ந்தது. அதன் காவலர் சாரா வில்லியம்ஸ் எழுபது வயது கடந்த மூதாட்டி. வெளியேறும்படி எச்சரித்தும் அவள் போகவில்லை. வீட்டுக்குத் தீ வைத்தபோது, அணைக்க உதவி கேட்டு அயல்வீட்டுக்கு ஓடினாள். திரும்பிச் சென்றவள் சுடப்பட்டு இறந்தாள். உடலிற் குண்டுச் சன்னங்கள் இருந்தன என வைத்தியர்கள் சாட்சி கூறினர். எனினும் மரண விசாரணையில் அமர்ந்த யூரிமார், நெஞ்சினுள் இரத்தம் பெருகி மூச்சடைத்து இறந்தாள், காரணம் தங்களுக்குத் தெரியாது எனத் தீர்ப்பளித்தனர். அச்சமோ, அயலார்மீதுற்ற பரிவோ, இரண்டுமோ! அவள் குத்தகைக்காரியுமல்லள்; சுங்கவீதம் விதித்தவளுமல்லள்; கூலிக்குக் கதவு திறந்தவள். கலகக்காரரின் நியாயத்தை எவ்வளவு ஒப்புக்கொண்டாலும் இச்சாவை அதனுள் அடக்க முடியாது.

அரசாங்கம் படையும் அனுப்பியது, விசாரணைக் குழுவும் அமைத்தது. குழு உழவரின் முறையீட்டிற் பெரும்பகுதி உண்மையெனக் கண்டது. 1844ஆம் ஆண்டுச் சட்டத்தால் தென்வேல்ஸின் சிறு சபைகள் ஒழிந்து, மாவட்டந்தோறும் வீதிச் சபை ஏற்பட்டது, சுங்கவீதம் ஒரேமாதிரியாயிற்று, சுண்ணாம்புக்குரிய சுங்கம் பாதியாகக் குறைந்தது. உழவரும் கொடுத்தே சென்றனர். எஞ்சிய வாயில்களில் 1889ஆம் ஆண்டுவரை சுங்கம் அறவிடப்பட்டது.