நிரல் தெரியாவிட்டாலும் வரலாம்

கண்ணமங்கலத்தில் ரயில் ஏறினால் அதே தடத்தில் விழுப்புரம் போய் இறங்கலாம். அங்கே ஒரு லினக்ஸ் பயனர் குழு, கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத்தருகிறது. இத்தகைய மென்பொருளை உருவாக்க 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டத்தின் வழிவந்த வேலைதான் இது.

'எனக்கு நிரல் எழுதத் தெரியாதே' என்று இந்த வேலையிலிருந்து ஒதுங்காதீர்கள். பயர்பாக்ஸ் உலாவியின் மெனு தமிழில் தெரிவதே தன்னார்வலர்களின் மொழிபெயர்ப்பால்தான். மென்பொருளில் பிழை கண்டால், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது வந்தது என்று விவரமாக எழுதியனுப்புங்கள். 'வேலை செய்யவில்லை' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது!

அதேபோல, சவ்வாது மலையடிவாரத் தெருக்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற கட்டற்ற வரைபடத்தில் நீங்களே சேர்க்கலாம். ஆனால் கூகுள் வரைபடத்தைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது. உரிமச் சிக்கல் வரும். தெருவில் நடந்து, பெயர்ப்பலகையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.