'ஐ' உருபும் ஆங்கில ஆர்ட்டிகிளும்



ஆங்கில நோட்டுகளைத் திருத்தும்போது நம் சிவப்பு மை பெரும்பாலும் மூன்று சின்னச் சொற்களுக்கே செலவாகிறது: 'எ', 'ஆன்', 'தி'. "தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால்தான் பிள்ளைகளுக்கு வரவில்லை" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். அது பிள்ளைகளின் காதிலும் விழுகிறது. தன் மொழியிலேயே ஏதோ குறை என்று நினைக்கும் குழந்தை ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டும்.

'தி' போன்ற தனிச்சொல் தமிழில் இல்லை என்பது உண்மை. ஆனால் அது செய்யும் வேலை தமிழில் தினமும் நடக்கிறது. வகுப்பில் இப்படி ஒரு கதை சொல்லுங்கள்: "தாம்பரத்தில் ரயில் ஏறினேன். சீட்டில் ஒரு குடை கிடந்தது. குடையை ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்தேன்."

முதலில் 'ஒரு குடை'. கேட்பவருக்கு அது புதிது. அடுத்து 'குடையை'. எந்தக் குடை என்று இப்போது அவருக்குத் தெரியும். முதலாவது 'ஆன் அம்ப்ரெல்லா', இரண்டாவது 'தி அம்ப்ரெல்லா'. "பேனா வாங்கினேன்" என்றால் 'எ பென்'. "பேனாவை வாங்கினேன்" என்றால் 'தி பென்'. இரண்டாம் வேற்றுமை உருபு வரும்போதும் மறையும்போதும் பொருள் மாறுவதை மூன்றாம் வகுப்புக் குழந்தைகூட உணரும்.

இந்தப் பாலத்துக்கு எல்லை உண்டு. "ஒரு டாக்டரைப் பார்த்தேன்" என்னும்போது உயர்திணையில் 'ஐ' எப்போதும் வரும். ஆங்கிலத்தில் அது 'எ டாக்டர்'தான். ஆகவே அஃறிணைப் பொருள்களில் தொடங்குங்கள். பிறகு ஒரே கேள்வியைப் பழக்குங்கள்: "நீ சொல்வது எது என்று கேட்பவருக்குத் தெரியுமா?"

'தி' என்றால் 'அந்த' என்று மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். "கதவைத் திற" என்பதே 'ஓபன் தி டோர்'. வகுப்பில் இருப்பது ஒரே கதவு, சுட்டிக்காட்டத் தேவையில்லை. சூரியனுக்கு 'தி' போடுகிறோம். 'அந்தச் சூரியன்' என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்து 'எ', 'ஆன்'. உயிரெழுத்துக்கு முன் 'ஓர்', உயிர்மெய்க்கு முன் 'ஒரு' என்று தமிழ்ப் பாடத்தில் படித்த பிள்ளைகள் நம் முன்னால் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சிக்கல் எங்கே? எழுத்து ஒன்று, ஒலி வேறு. அதற்குத் தமிழ் எழுத்தே உதவும். சொல்லைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். 'அவர்' (மணி நேரம்) அகரத்தில் தொடங்குகிறது, எனவே 'ஆன்'. 'யூனிஃபார்ம்' யகரத்தில் தொடங்குகிறது, எனவே 'எ'. நம் ஊர் உதாரணம் இன்னும் நல்லது. சானடோரியத்தில் இருப்பது 'எ மெப்ஸ் கம்பெனி'. அதன் வாசலில் நிற்பது 'ஆன் எம்.டி.சி. பஸ்'. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒன்றுதான். ஓர் எச்சரிக்கை: 'எக்' என்பதை 'யெக்' என்று உச்சரிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. முதலில் உச்சரிப்பைத் திருத்திவிட்டு எழுதவிடுங்கள்.

ஊர்ப்பெயர்களுக்கு ஆர்ட்டிகிள் வராது. ஆறுகளுக்கு 'தி' வரும். இதற்கு அடையாறு ஒன்றே போதும். அடையாறில் குடியிருப்பவர் 'இன் அடையார்' என்பார். முடிச்சூர்ப் பக்கம் ஓடும் ஆறோ 'தி அடையார்'. குரோம்பேட்டை, பல்லாவரம், வண்டலூர் எதற்கும் 'தி' வேண்டாம்.

நாளை நோட்டைத் திருத்தும்போது ஒன்று செய்யுங்கள். ஆர்ட்டிகிள் விடுபட்ட இடத்தில் அடிக்கோடு மட்டும் போடுங்கள். பிள்ளையை அழைத்து, அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'ஒரு' வருகிறதா, 'ஐ' வருகிறதா என்று இருவரும் சேர்ந்து கேளுங்கள். பல இடங்களில் விடையைப் பிள்ளையே சொல்லிவிடும்.