சேகோ ஆலையில் உயிர்ப் பாதுகாப்பு



தருமபுரி மாவட்டத்தில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களில் நாம் விளைவிக்கும் மரவள்ளிக் கிழங்கை மாவாகவும் ஜவ்வரிசியாகவும் ஆக்குபவை சேகோ ஆலைகள். அவற்றால் கிழங்கிற்கு விலையும், நம் ஊராருக்கு வேலையும் கிடைக்கின்றன. ஆயினும், அங்கே கண்ணுக்குப் புலப்படாத அபாயம் ஒன்று உண்டு. அதனை முன்கூட்டியே எடைபோட்டு நடப்பது எவ்வாறு என்று இன்று சிந்திப்போமாக.

ஆலையின் கழிவுநீர் மூடிய தொட்டியில் காற்றின்றிப் புளிக்கும்போது எரிவாயு உண்டாகிறது. அதனை எரிபொருளாகக் கொள்வது சிக்கனமான ஏற்பாடே. ஆனால், அதனுடன் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயுவும் பிறக்கின்றது. சிறிதளவாயின் அழுகிய முட்டைபோல் நாறும்; மிகுந்தாலோ மூக்கின் உணர்வையே போக்கிவிடும். ஆதலால், நாற்றமில்லை என்று நம்பித் தொட்டியில் இறங்குபவர் மயங்கி வீழ்வார். அவரைத் தூக்க இறங்குபவருக்கும் அதே கதிதான்.

அபாயத்தை மதிப்பிட இரண்டு கேள்விகள் உள்ளன. விபத்து நேரக்கூடிய வாய்ப்பு எவ்வளவு? நேர்ந்தால் இழப்பு எவ்வளவு? ஆண்டில் சில நாட்களே தொட்டியைத் துப்புரவு செய்கிறோம் என்று முதல் கேள்வியோடு நின்றுவிடலாகாது. இழப்பது உயிராகையால், அரிதாக நேர்வதும் பெரிய அபாயமே.

1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபால் பூச்சிமருந்து ஆலையில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டதை நாடு அறியும். நச்சுப் பொருளைக் குளிர்விக்கும் இயந்திரம் சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரமும் அன்று இயங்கவில்லை. பாதுகாப்பில் மிச்சம் பிடிப்பது மிச்சமாகாது என்பதே அது புகட்டும் பாடம்.

ஆகவே, ஆலை முதலாளி செலவைத் தீர்மானிக்குமுன் இதையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். ஆளை இறக்காமல், வெளியிலிருந்தே பம்பினால் சேற்றை இறைப்பது முதல் வழி. இறங்கியே தீரவேண்டுமாயின், நல்ல காற்றை உட்செலுத்தி, கருவியால் வாயுவை அளக்க வேண்டும். பிராணவாயு நூற்றுக்கு 19.5 பங்கிற்குக் குறைந்தாலோ, நச்சு வாயு காணப்பட்டாலோ ஒருவரையும் இறக்கலாகாது. இறங்குபவர் உடலில் கயிறு பூட்டி, மேலே ஆள் காவல் நிற்க வேண்டும். அருகே பீடியும் நெருப்பும் அறவே கூடாது. ஒருவர் மயங்கினால் மற்றவர் உள்ளே பாயாமல், கயிற்றால் மேலே இழுத்து, தீயணைப்புப் படையை 101 எண்ணில் அழைக்க வேண்டும்.

உறுப்பினர்களே! ஆலையில் வேலை செய்பவர் நம் ஊர்ப் பிள்ளைகளே. "தொட்டியைத் துப்புரவு செய்வது எவ்வாறு? வாயுவை அளக்கும் கருவி எங்கே?" என்று ஆலையாரிடம் கேட்பது நம் கடமை. விபத்திற்கு முன்பே அதனைக் கேட்போமாக.