புழுவுக்கு மணி தெரியும்



யானைக்கால் நோய்ப் பரிசோதனைக்கு வருகிற ஊழியர்கள் ஏன் இரவு எட்டு மணிக்கு மேல் கதவைத் தட்டுகிறார்கள்? அந்த நேரத்தை நமக்குக் குறித்துக் கொடுத்தவர் பேட்ரிக் மான்சன். 1844இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சீனத்தின் அமோய் துறைமுகத்தில் மருத்துவம் பார்த்தவர்.

கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் 1872லேயே மனித இரத்தத்தில் யானைக்கால் நோயைத் தரும் புழுவின் குஞ்சுகளைக் கண்டுவிட்டார். மான்சன் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை குஞ்சுகளும் உடம்புக்குள்ளேயே வளர்ந்தால் மனிதன் பிழைப்பானா? மாட்டான். அப்படியானால் அவை வெளியே போய்த்தான் வளர வேண்டும். தாமாகப் போக வழியில்லை. எடுத்துப்போவது யார்?

கொசுவாக இருக்கலாம் என்று நினைத்தார். 1877இல், நோய் கண்டிருந்த தம் தோட்டக்காரர் ஹின் லோவைக் கொசு புகும் அறையில் படுக்க வைத்தார். விடிந்ததும் இரத்தம் குடித்துச் சுவரில் உட்கார்ந்திருந்த கொசுக்களைப் புகையிலைப் புகையூதி மயக்கிப் பிடித்தார். கொசுவின் வயிற்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பேனாக் கட்டையை உருட்டி உள்ளிருந்ததைப் பிதுக்கி, உருப்பெருக்கியில் பார்த்தார். குஞ்சுகள் உறையைக் கழற்றிவிட்டு வளரத் தொடங்கியிருந்தன! மனித நோய்ப் புழு ஒன்று இரத்தம் உறிஞ்சும் பூச்சிக்குள் வளர்வதை உலகம் கண்டது அதுதான் முதல்முறை.

பிறகு உதவியாளர்களை வைத்து இரவும் பகலும் இரத்தம் பார்த்தார். பகலில் காணாத புழுக்கள், கொசு கடிக்கும் ராத்திரியில் திரண்டு வந்தன. லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி ஒரு நோயாளியைப் பகலில் தூங்கி இரவில் விழிக்கச் செய்தார். புழுக்களும் நேரத்தை மாற்றிக்கொண்டன. எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிற செய்தி இது.

மான்சன் ஒன்றில் தவறினார். கொசு தண்ணீரில் செத்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று நம்பினார். அதைத் திருத்தியது அவருடைய மாணவர் ஜார்ஜ் லோ. 1900இல் கொசுவின் உறிஞ்சுகுழலுக்குள்ளேயே புழுவைக் காட்டினார். அதற்கு முன்பே, மலேரியாவும் கொசுவால்தான் என்ற மான்சனின் யோசனையைப் பிடித்துக்கொண்டு ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் வெற்றி கண்டிருந்தார்.

புழுவின் அறிவியல் பெயரில் வூச்சரர், பான்கிராப்ட் என்ற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஹின் லோ இல்லை. எஜமானர் சொன்னதை அந்தத் தோட்டக்காரர் மறுத்திருக்க முடியுமா என்பது என்னை உறுத்துகிறது. மான்சனுக்காக இப்போது கைதட்டப் போகிறீர்கள். ஹின் லோவுக்கும் சேர்த்துத் தட்டுங்கள்.