வேகம் கூட்டிய நினைவகம்

குருநகர் இறங்குதுறையில் படகுகள் வந்து அணைந்ததும், மீனும் இறாலும் நண்டும் கூடைகளிலே ஏறிக் கரையில் நிற்கும் ஏலக்காரரிடம் போய்ச் சேரும். ஏலக்காரர் எத்துணை விரைவாக விலை கூற வல்லவராயினும், கூடை வந்து சேராவிடில் அவர் வாய்மூடி நிற்க வேண்டியதே. கணினியில் விளையாடும் இளைஞர் போற்றுகின்ற வரைகலை அட்டையினுள்ளும் நிகழ்வது இதுவே. அங்கே விலை கூறுபவர் செயலி. சரக்கைக் கொண்டுவந்த படகு நினைவகம். இரண்டிற்கும் இடையே கூடை சுமப்போரின் ஓட்டந்தான், நினைவகம் ஒரு விநாடியில் கொடுக்கவல்ல தரவின் அளவு.

அவ்வளவைக் கணக்கிடுதல் எளிது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த என்விடியா ஆர்.ரி.எக்ஸ். 3060 அட்டையிலே, 12 கிகாபைற் நினைவகம் 192 தரவு வழிகளால் செயலியுடன் இணைக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு வழியிலும் விநாடிக்கு 15 கிகாபிற் பாயும். இரண்டையும் பெருக்கி எட்டால் வகுத்தால், விநாடிக்கு 360 கிகாபைற் என்பது விடை. கணினித் திரையில் ஒரு குமிழைச் சற்று நகர்த்தி அந்தப் பதினைந்தைப் பதினாறாக்கினால் 360 என்பது 384 ஆகும். நினைவகத்தின் கடிகாரத் துடிப்பை இவ்வாறு விரைவுபடுத்துவதையே ஓவர்குளொக்கிங் என்கின்றனர்.

காசு செலவில்லாமல் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு வீதம் கூடுகின்றதே என்று மகிழ்பவர் பலர். ஆயினும் விநாடிக்கு 60 படங்கள் காட்டிய விளையாட்டு 64 படங்கள் காட்டுமென்று எதிர்பார்த்தலாகாது. நினைவகம் ஒன்றே தடையாக இருந்தால்தான் அது கிட்டும். பெரும்பாலும் செயலியின் கணக்கு வேலையும் நேரத்தை விழுங்குமாகையால், கிடைப்பது ஓரிரு படங்களே.

இனி, விரைவு அளவு கடந்தால் யாது நேரும்? ஓடுகின்றவன் இடறினால் மீன் சிந்தும். சிந்தியதைப் பொறுக்கி மீண்டும் சுமக்க வேண்டும். 2009இல் வந்த ரேடியோன் எச்.டி. 5870 அட்டையிலேயே, பழுதுற்று வந்த தரவைக் கண்டறிந்து திரும்ப அனுப்புவிக்கும் ஏற்பாடு இருந்தது. 2020இல் ஆர்.ரி.எக்ஸ். 3080 உடன் வந்த, மைக்ரோன் நிறுவனத்தாரின் ஜி.டி.டி.ஆர். 6 எக்ஸ் நினைவகத்திலும் அஃது உண்டு. இதனால் கணினி உடனே நின்றுவிடுவதில்லை. திரையிற் புள்ளிகளும் தோன்றாமற் போகலாம். எண் ஏறிக்கொண்டே போகும், வேலையோ குறையும். பழைய நாளில் திரை கலங்கியாவது எச்சரித்தது. இப்பொழுதைய அமைதி சற்றே ஏமாற்றும் அமைதி எனலாம்.

கடலோரத்து வீடுகளிலே மற்றொன்றையும் நோக்க வேண்டும். குளிரூட்டி இல்லாத அறையில் வெப்பம் ஐந்து பாகை ஏறினால், அட்டையின் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். ஜி.டி.டி.ஆர். 6 எக்ஸ் நினைவகம் 110 பாகை செல்சியசை நெருங்கும்போது, அட்டை தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். உப்புக் காற்றின் ஈரத்தோடு தூசி கலந்து வெப்பம் கடத்தும் தகடுகளில் அப்பிக்கொண்டால், வெப்பம் வெளியேற வழி குறுகும். அவற்றைத் துடைத்துத் துப்புரவாக்குதல், குமிழை நகர்த்துவதிலும் மேலான பயன் தருவதுண்டு.

2022இல் இலங்கை ரூபா சரிந்தபோது, டொலர் விலையில் இறக்குமதியாகும் இத்தகைய பொருள்கள் எட்டாக் கனியாயின. அவ்வாண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் எதீரியம் நாணயம் அட்டைகளால் அகழும் முறையைக் கைவிட்டதும், அவ்வேலையில் உழைத்த பழைய அட்டைகள் உலகச் சந்தையில் மலிந்தன. அகழ்ந்தோர் பெரும்பாலும் செயலியின் மின்சாரத்தைக் குறைத்து, நினைவகத்தின் வேகத்தையே கூட்டி வைத்திருந்தனர். இரவுபகலாய் உழைத்துக் களைத்த அந்நினைவகத்தை மேலும் விரட்டுதல் தக்கதன்று. கடலில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய அட்டை பழுதுற்றால், வேகம் கூட்டியதால் வந்த கேட்டிற்கு உத்தரவாதம் பொதுவாக உதவுவதுமில்லை.

முயல விரும்புவோர் சிறிது சிறிதாகவே ஏற்றுதல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரே விளையாட்டின் ஒரே காட்சியை ஓடவிட்டுப் படங்களை எண்ணிக் குறித்துக்கொள்ளல் நன்று. எண் ஏறியும் படம் ஏறாத இடத்தில் நின்று, அங்கிருந்து ஓரிரு படி இறங்கிவிடுதல் வேண்டும். மார்கழி இரவிலே செய்து பார்த்த சோதனை சித்திரை நண்பகலுக்குச் செல்லாது. வெயில் காலத்தில் அதனை மீண்டும் செய்தல் வேண்டும்.