பயனர் குழுவில் நாங்கள் கண்டது
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் சங்க மலர்களும் உறுப்பினர் பதிவேடும் பல ஆண்டுகளுக்கு முன்னரே கணினியில் ஏற்றப்பெற்றதைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற ஆண்டு அவற்றைத் திறந்தபோது தமிழைக் காணோம். ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் பொருளின்றிச் சிதறிக் கிடந்தன. கடைக்காரர் ஒருவர் கையை விரித்துவிட்டார். அச்சுப்படிகளோ மழைக்கு இரையாகிவிட்டன. மறைந்த நம் பெரியோர் எழுதியவை அத்துடன் போயின என்றே எண்ணினோம்.

இந்நிலையில், நூல்நிலையப் பொறுப்பாளர்களாகிய நாங்கள் இருவர் இப்புனே நகரில் கூடும் லினக்ஸ் பயனர் குழுவை நாடிச் சென்றோம். யாவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருளை ஆக்கப்போவதாக 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதனுடன் இணையும் கருநிரலை வெளியிட்டார். அவற்றைப் பயன்படுத்துவோரே ஊர்தோறும் கூடி ஒருவர்க்கொருவர் ஆசிரியராயினர். சென்னையிலும் 1998-இல் இத்தகைய குழு தோன்றிற்று.

கல்லூரி அறையொன்றில் முப்பது பேர் இருந்தனர். முதற் பேச்சு எங்களுக்குச் சிறிதும் விளங்கவில்லை. பள்ளியிறுதிக்கு மேற் படியாத நமக்கு இங்கென்ன வேலை என்று எழ முற்பட்டோம். அதற்குள் தேநீரும் வடாபாவும் வந்தன. மெய்யான கூட்டம் அப்போதுதான் தொடங்கிற்று! மராத்தி இளைஞர் ஒருவர் எங்கள் குறையைக் கேட்டார். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழைக் குடியேற்றியவை என்றும், ஒருங்குறியில் தமிழுக்கென 128 இடங்கள் தனியே உண்டென்றும் விளக்கினார். மீட்டர் கேஜிலிருந்து பிராட் கேஜுக்குச் சரக்கை மாற்றி ஏற்றுவது போலத்தான் என்று நாங்கள் கூற, அவர் வாய்விட்டு நகைத்தார்.

ஆனால் அவர் தமிழறியாதவர். ‘கெ’ என எழுதுகையில் கொம்பு முன்னே நிற்கிறது. ஒருங்குறியிலோ ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகப் பதிய வேண்டும். இதனை விளக்கக் கரும்பலகையருகே எங்களையே நிறுத்திவிட்டனர். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக் கொம்பு என நாங்கள் எழுதிக் காட்ட, வங்காளி நண்பர் ஒருவர் தம் மொழியிலும் இவ்வாறே உண்டென்றார். கை நடுங்கியது உண்மை. இரண்டு மணி நேரம் எவரும் கலையவில்லை.

மூன்று கூட்டங்களில் மாற்று நிரல் உருவாயிற்று. பணம் நீட்டினோம், மறுத்தனர். அந்நிரலை யாவர்க்கும் பொதுவாக வெளியிட இசைவு கேட்டனர். நம் குடும்பங்களின் முகவரிகள் உள்ள பதிவேட்டினை எம்மிடமே வைத்துக்கொண்டு, நிரலை மட்டும் வெளியிட இசைந்தோம். செயற்குழுவைக் கேளாது செய்த அப்பிழையைப் பொறுத்தருள்க.

இன்னும் நான்கு மலர்கள் எஞ்சியுள்ளன. மாற்றியவற்றிலும் ணகர னகரங்கள் சில இடங்களில் மயங்கி நிற்கின்றன. அடுத்த சனிக்கிழமை எங்களுடன் வரவும், வரிவரியாகப் படித்துத் திருத்தவும் கண்பார்வை நன்குள்ள இருவர் தேவை. விழா முடிந்ததும் நூல்நிலைய வாயிலில் பெயர் கொடுக்கலாம்.