ஆடாதோடை: பெயரில் வாழும் மருத்துவம்



விதைப்பாரும் நீர்வார்ப்பாரும் இன்றி வேலியோரங்களில் தானே தழைத்து நிற்பது ஆடாதோடை. ஆளுயரத்தையும் கடந்து வளரும் புதர். மாவிலையை ஒத்த நீண்ட இலை. ஊதாக் கோடுகள் ஓடிய வெண்பூ. கண்ட தழையெல்லாம் கடிக்கும் ஆடும் இதனைத் தொடாது. ஆடு தொடாத செடி ஆதலின் ஆடுதொடா எனவும், ஆடாதொடை எனவும், ஆடாதோடை எனவும் வழங்கலாயிற்று. இலையின் கசப்பையும், வேலிக்கு ஏற்ற அதன் தகுதியையும் ஒரே சொல்லில் பொதிந்து வைத்தனர் முன்னோர். உழவர் இதன் தழையை நெல்வயலில் மிதித்து எருவாக்கினர்.

சித்த மருத்துவத்தில் இதன் முதற்பணி கோழையை அகற்றுதல். இலையை நீரிலிட்டுக் காய்ச்சி, வற்றிய குடிநீரில் தேன் கூட்டி இருமலுக்கும் ஈளைக்கும் கொடுப்பர். வேரைக் கண்டங்கத்திரியொடு சேர்த்துக் காய்ச்சித் திப்பிலிப் பொடி தூவிப் பருகச் செய்வதும் உண்டு. குழந்தைகட்கு ஏற்ற இனிப்பு வடிவம் ஆடாதோடை மணப்பாகு. 2020ஆம் ஆண்டு கொரோனா நோய்ப்பரவலின்போது தமிழக அரசு மக்கட்கு வழங்கிய கபசுரக் குடிநீரிலும் இவ்விலை ஓர் உறுப்பு.

இனி, இச்செடி கடல் கடந்த கதையைக் கேண்மின்! 1753இல் சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு உலகச் செடிகட்குப் பெயர் வகுத்தபோது, இதன் இனப்பெயராக ‘அடாதோடா’ என்பதனையே நிறுத்தினார். 1888இல், உதகையில் பணியாற்றிய ஊப்பர் என்னும் ஆங்கிலேயர் இலையினின்று ‘வாசிசின்’ என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பைப் பின்பற்றி 1960களில் செருமனியர் ‘புரோமெக்சின்’ என்னும் கோழை இளக்கும் மருந்தைப் படைத்தனர். இன்று மருந்துக்கடைகளில் விற்கும் ‘அம்புராக்சால்’ அதன் வழிவந்ததே.

வியப்பு யாதெனின், உலக அறிவியல் ஏட்டில் ஆடாதோடை என்னும் பெயர் நிலைத்துவிட்டது. தமிழ்ச் சிற்றூரில் அது மறைந்துகொண்டிருக்கிறது. உயிர்வேலி இருந்த இடத்தில் கம்பிவேலி வந்தது. இருமல் மருந்துக் குப்பியைக் கையில் ஏந்தும் இளைஞன், அம்மருந்திற்கு மூலமான செடியைத் தன் வீட்டுக் கொல்லையிலேயே களையென வெட்டி எறிகிறான்.

பெயர் மறைந்தால் பயன் மட்டும் மறைவதில்லை, எச்சரிக்கையும் மறைகிறது. இச்செடி கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றலுடையது. ஆதலின் கருவுற்ற மகளிர்க்கு ஆகாது. சளியிற் குருதி கண்டாலோ, இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தாலோ, அது காசநோயாகவும் இருக்கலாம். அந்நிலையில் குடிநீரை மட்டும் நம்பிக் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். எது தீர்க்கும் என்பதோடு எது தீர்க்காது என்பதையும் அறிந்திருப்பதே மருத்துவ அறிவு. இதனை உணராது பழம்பெருமை மட்டும் பேசுவது முன்னோர்க்குச் செய்யும் சிறப்பாகாது.

ஆகவே, பெற்றோர் தம் மக்களை வேலியோரம் அழைத்துச் சென்று இச்செடியைக் காட்டுக! ஆசிரியர் பள்ளித் தோட்டத்தில் ஒரு கிளையை நட்டுப் பெயர்ப்பலகை நிறுத்துக! வெட்டி ஊன்றினாலே வேர்விடும் செடி இது, செலவொன்றும் இல்லை. ஆடு தொடாது விட்டதைத் தமிழரும் தொடாது விடலாமோ?